போடாத தேன்

இதில் நான் தேன் போடவில்லையே.

அந்த நினைப்பு வந்தபோது பீர் இன்னும் அவள் நாக்கில்தான் இருந்தது. விழுங்கவில்லை. முதலில் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வரும் வாசனை வரவேண்டும், வந்தது. அதன் பின்னால் மாம்பழம், அதுவும் வந்தது, கொஞ்சம் தயங்கி. பிறகு கசப்பு. இந்தக் கசப்புக்காகத்தான் இத்தனை மாதம் உழைத்திருந்தாள். நேராக வந்து, நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிற கசப்பு. இன்று அது கிளம்பும் நேரத்தில் யாரோ அதன் தோளில் கைபோட்டு இழுத்து நிறுத்தினார்கள். மெல்லிய ஓர் இனிப்பு. தேன். இது எங்கிருந்து வந்தது?

விழுங்கினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஓட்டல்காரர் தன் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நகை வாங்க வந்தவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரம் முழுவதும் அவருக்கு ஓட்டல்கள். அவரை இங்கே கூட்டிவருவதற்குத் தம்பி எத்தனை நாள் அவர் வாசலில் நின்றான் என்பது அவளுக்குத் தெரியும். இதுவரை அவர்களுடைய பீர் இந்த ஆலையின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் கவுன்டரைத் தாண்டிப் போனதில்லை. தெருக்காரர்கள் வருவார்கள், ஒன்றோ இரண்டோ குடிப்பார்கள், 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இன்று இவர் தலையாட்டினால் அவளுடைய பீர் முதல்முறையாக வெளியே போகும். பெரிய கம்பெனிகளின் குழாய்களுக்கு நடுவே ஒரு குழாய் அவளுடையதாக இருக்கும். அவள் முகமே தெரியாத ஒருவர், என்ன நினைப்பில் இருக்கிறாரோ அந்த நினைப்போடு, அதைக் குடிப்பார். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஆலை என்று பெரிதாகச் சொல்கிறார்களே தவிர, அது முன்பு கார் ரிப்பேர் செய்த கொட்டகை. எவ்வளவு தேய்த்தும் போகாத எண்ணெய்க் கறை தரையில் இன்னும் இருந்தது. அதன்மேல்தான் எஃகு டேங்குகள் நின்றன. அவள் முன்பு பால் பண்ணை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். காலையிலிருந்து மாலைவரை பாலைச் சுவைத்துத் துப்பிக்கொண்டிருந்த நாக்கு. தம்பி ஒருநாள், "அக்கா, அந்த நாக்கை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் பால் கெட்டுப்போச்சான்னு பாத்துட்டிருப்ப?" என்று கேட்டதில் ஆரம்பித்தது இது. காய்ச்சுவது அவள். பேசுவது தம்பி. கவுன்டரில் நிற்பதும் இரண்டு பேரையும் அதட்டுவதும் தம்பியின் மனைவி.

போன வாரம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம். மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. பீர் காய்ச்சுகிறவளுக்கு மூக்கடைப்பு என்றால் தையல்காரிக்குக் கையில் கட்டுப்போட்ட மாதிரி. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், ஆவி பிடி, மாத்திரை போடு, பேசாமல் படு என்று மூன்று கட்டளைகளோடு அவளை வீட்டில் இருத்திவிட்டார். பீரை டேங்கிலிருந்து பீப்பாய்களுக்கு மாற்றும் வேலையைத் தம்பியும் அவன் மனைவியுமே செய்தார்கள். அவள் போனில் சொல்லச் சொல்ல, ஒன்றும் தப்பாமல். வாசனை இன்று காலையில்தான் திரும்பி வந்தது. குளியலறையில் சோப்பின் மணம் சட்டென்று மூக்கில் ஏறியபோது, தொலைந்த நகை கிடைத்தவளைப்போல அங்கேயே நின்றுவிட்டாள்.

ஓட்டல்காரர் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மிடறு. தம்பி மூச்சுவிடாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கசப்புதான்" என்றார் அவர். "ஆனா..."

"ஆனா, சார்?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. குடிக்க விடுங்க."

"ரேடியோவை அணைச்சு வைங்க" என்றாள் தம்பி மனைவி கவுன்டருக்குப் பின்னாலிருந்து. வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

ஓட்டல்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "கடைசியில ஒரு தேன் வருது பாருங்க. அங்கதான் இருக்கு விஷயம். அது இல்லேன்னா இது வெறும் கஷாயம். இந்தக் கசப்பு பீர் வகை, ஐ.பி.ஏ., எத்தனையோ குடிச்சிருக்கேன், எல்லாம் வாயைக் கட்டிப்போடும். இது கடைசியில தட்டிக் கொடுக்குது. எப்படிம்மா கொண்டுவந்தீங்க அதை?"

யாராவது பாராட்டினால் அவளிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கும். 'ஏதோ சுமாரா வந்திருக்கு.' சின்ன வயதிலிருந்து பழகியது. வகுப்பில் முதலாவதாக வந்தாலும் அதைத்தான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தலைக்கனம் என்பார்கள். அந்தப் பதில் இன்றும் வாசல்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. சுமாராக வந்திருப்பது உண்மையாகிவிட்டபோது அந்த அடக்கம் எப்படி வாயில் நிற்கும்?

"அது தொழில் ரகசியம் சார்" என்றான் தம்பி. முகமெல்லாம் பல்.

அவன் பொய் சொல்லவில்லை. ரகசியம் என்னவென்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

"ஆளுக்கு மூணு கப் எடு" என்றாள் தம்பி மனைவியிடம்.

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இப்ப எதுக்குக்கா? சார் வந்திருக்கும்போது."

"சாருக்கும் மூணு எடு."

அது அவர்கள் ஆலையின் வழக்கம். எந்தப் பீரும் வெளியே போவதற்கு முன்னால் உள்ளே ஒளி போகாத கறுப்புக் கப்புகள் மூன்றில் ஊற்றப்படும். இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. எது வேறு என்று கண்டுபிடித்து அந்தக் கப்பைக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கவேண்டும். எல்லாரும் கவிழ்க்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத் தம்பிக்காகவே அவள் சேர்த்தாள். அவன் ஒரு வார்த்தை பேசிவிட்டால் மற்றவர்கள் நாக்கெல்லாம் அவன் நாக்காகிவிடும்.

ஜலதோஷம் பிடிப்பதற்கு முந்தின நாள் டேங்கின் பக்கக் குழாயில் அவள் ஒரு பாட்டில் பிடித்துக் குளிரறையில் வைத்திருந்தாள். எப்போதும் செய்வதுதான். தம்பி மனைவி தடுப்புக்குப் பின்னால் போய், அந்தப் பாட்டிலிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் ஊற்றிக்கொண்டு வந்தாள். தனக்கானதைக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஓட்டல்காரருக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் முதல் கப்பை எடுத்தாள். தேன். இரண்டாவது. மூக்கின் அருகே கொண்டுவந்தபோதே தெரிந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல் தயங்காமல் வந்தது, மாம்பழம் அதை முந்திக்கொண்டு வந்தது. வாயில் ஊற்றினாள். கசப்பு வந்தது. நின்றது. போனது. போன இடம் துடைத்துவிட்ட மேஜையைப்போலச் சுத்தமாக இருந்தது. அடுத்த மிடறுக்கு இடம் விட்டு.

இது என்னுடையது என்று நினைத்தாள். 'ஏதோ சுமாராக' என்று எந்தக் குரலும் உள்ளே எழவில்லை. இதை நான் செய்தேன். கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களில் எதை எவ்வளவு, எந்தச் சூட்டில், எப்போது என்று ஒவ்வொன்றாக மாற்றி, தப்பாகி, கொட்டி, மறுபடி செய்து, நான் செய்தேன். நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. உடம்பு நிமிர்வதை அவளே உணர்ந்தாள். இந்த நிமிர்வைத்தானே இத்தனை வருஷம் தலைக்கனம் என்று பயந்து குனிந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது. கனமே இல்லை. லேசாக இருந்தது.

கப்பைக் கவிழ்த்தாள்.

தம்பி மனைவி கொஞ்சம் யோசித்துக் கவிழ்த்தாள். ஓட்டல்காரர் மூன்றையும் இரண்டு சுற்று குடித்து, தாடையைத் தடவி, ஒன்றைக் கவிழ்த்தார். தம்பி கடைசியில், பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்க்கிறவன்போல எல்லார் கைகளையும் பார்த்துவிட்டு, தப்பானதைக் கவிழ்த்தான்.

"உங்களுக்கு நாக்கு பேசறதுக்கு மட்டும்தான்" என்றாள் அவன் மனைவி.

மற்ற மூவரும் சரியான கப்பைக் கவிழ்த்திருந்தார்கள். ஓட்டல்காரருக்குத் தெரிந்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான். நாக்குள்ள மனிதர்.

"இது வேற" என்றார் அவர், கவிழ்த்த கப்பைத் தட்டி. "இதுல தேன் இல்ல. நல்லாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா கறார். கணக்கு வாத்தியார் மாதிரி." மற்ற கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கு இதுதான் வேணும்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேங்க் மூடியை யாராவது திறந்தீங்களா?"

தம்பி கூரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"திறந்தோம்னு சொல்ல முடியாதுக்கா. லேசா..."

"சொல்லிடுங்க" என்றாள் அவன் மனைவி. அவன் தலையைச் சொறிந்தான். அவளே சொன்னாள். "நீங்க படுத்திருந்தீங்கல்ல அண்ணி, அப்ப எங்க வீட்டுலேருந்து வந்தாங்க. அம்மா, சித்தி, மாமா, எல்லாரும். இவருக்குத் தலைகால் புரியல. டேங்கைச் சுத்திச் சுத்திக் காட்டினாரு. அப்புறம், 'இதை வாயால சொல்ல முடியாது அத்தை, மோந்து பாத்தாத்தான் தெரியும், எங்கக்கா போட்டது'ன்னு ஏணியைப் போட்டுட்டாரு."

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"எல்லாரும்தான்."

"உங்கம்மாவுமா?"

"முட்டி வலியோட. கீழேருந்து நானும் சித்தியும் தாங்கிப் பிடிச்சோம். மேல போய்க் குனிஞ்சு மோந்தாங்க. இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. பழக்கடைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்குன்னாங்க. அப்புறம் சித்தியைக் கூப்பிட்டு, 'ஏறிப் பாருடி, எங்க சம்பந்தி வீட்டுப் பொண்ணு செஞ்சது'ன்னு..."

அவள் மேஜையில் கிடந்த ஈரத்தை விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் மாமியார் கல்யாணம் ஆன புதிதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சாராயம் காய்ச்சுகிற வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று. நேரில் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதிரி வார்த்தைகள் நேரில் சொல்லாவிட்டாலும் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு இந்த வீட்டு விசேஷங்களுக்கு வந்தால் ஆலை இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பமாட்டார். யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் 'பால் பண்ணையில இருந்தாங்க' என்று பழைய வேலையைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். அந்த அம்மா முட்டி வலியோடு ஏணி ஏறியிருக்கிறார். குனிந்து, மூடியைத் திறந்து, அவளுடைய பீரை மோந்திருக்கிறார்.

அத்தனை பேர் ஏறி இறங்கும்வரை மூடி திறந்தே இருந்திருக்கும். புளித்து அடங்கி, பூப் போட்டு, குளிரவைத்த பீருக்கு எமன் காற்றுதான். அதன்மேல் ஒரு விசிறி காற்றுப் பட்டாலும் போதும், அன்றே ஒன்றும் தெரியாது. முதலில் வாசனை கொஞ்சம் மங்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு தேன் வரும்.

கோபம் வரவேண்டிய இடம் இது. வந்ததா என்று தேடிப் பார்த்தாள். வந்திருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது? தம்பியிடமா? தன்னை நினைத்துப் பெருமைப்பட்டு ஊருக்குக் காட்டியவனிடமா? அவளுடைய பீரைக் கெடுத்தது அலட்சியம் இல்லை. பெருமைதான் அதைக் கெடுத்திருந்தது.

"சார்" என்றாள். "அந்தத் தேன் நான் போட்டதில்ல. உள்ள காத்துப் பட்டிருக்கு. பீர் கெட ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்குத் தேனா இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் போனா ஈரமான அட்டைப்பெட்டியை மென்ன மாதிரி இருக்கும்."

ஓட்டல்காரர் தம்ளரைப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார். "எனக்கு அட்டைப்பெட்டி எதுவும் வரலியே."

"இன்னிக்கு வராது."

"ஏம்மா, உங்க தம்பி என்னைக் கூட்டிட்டு வர்ற வழியெல்லாம் ஒரே கப்பல் கதை. இந்தப் பீரை அந்தக் காலத்துல கப்பல்ல ஏத்தி மாசக்கணக்கா கடல்ல கொண்டுபோனாங்களாம், ஒண்ணும் ஆகலியாம். என் ஓட்டல் ஒண்ணு அடுத்த தெருவுலயே இருக்கு."

"கப்பல்ல போனப்ப யாரும் ஏணி போட்டு மோந்து பாக்கல சார்."

அவர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பி மனைவி சிரித்தாள். கடைசியில் தம்பியும், அழுகிறவன்போல ஒரு சிரிப்பு.

சிரித்து முடித்ததும் ஓட்டல்காரர் மேஜையில் இரண்டு கைகளையும் வைத்தார். குரல் இறங்கியது. "சரி, கேளுங்க. நான் இதை வெச்சுப் பாக்கப்போறதில்ல. கொண்டுபோன வாரத்துலயே தீர்ந்துடும். அட்டைப்பெட்டி ஆகறவரைக்கும் யாரு விடப்போறா? குடிக்கறவங்களுக்கு இது பிடிக்கும். எனக்கே பிடிச்சிருக்கே."

"பிடிச்சுப்போய் அடுத்த தடவை வந்து இதையே கேட்டா?"

"இதையே குடுங்க."

"எப்படி சார் குடுக்கறது? ஒவ்வொரு தடவையும் இவங்க வீட்டு ஆளுங்களை வரவழைச்சு ஏணி ஏத்தணும்."

"அம்மா முட்டி தாங்காது அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"அப்ப கொஞ்சம் தேனே ஊத்திடுங்க" என்றார் ஓட்டல்காரர். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதைச் செய்யலாம். தேன் ஊற்றிப் பீர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. அப்படியானால் எனக்கு என்ன தடை என்று அவள் தன்னையே கேட்டாள். நிஜமாகவே பீர் கெட்டுப்போகும் என்பதா? இல்லை, நான் செய்ததை விட்டுவிட்டு நான் செய்யாததை இவர் மெச்சியதில் ஏற்பட்ட பொறாமையா? ஒரு மூடி திறந்ததில் வந்த விபத்துக்கும் என் மாதக்கணக்கான உழைப்புக்கும் நடுவே இவர் விபத்தைத் தேர்ந்தெடுத்தார் என்கிற ரோஷமா? கேள்வியை மூடிவைக்காமல் கொஞ்ச நேரம் திறந்தே வைத்தாள். ரோஷம் இருந்தது. பொறாமைகூட ஒரு துளி இருந்தது. அவை இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தபோதும் அந்தக் கவிழ்த்த கப்பு மேஜையில் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்ததன் ருசி அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகு வேறொன்றைத் தன்னுடையது என்று எப்படிச் சொல்வது? முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து குடிக்கப்போகும் முதல் மிடறு அது. அவருக்கும் அவளுக்கும் நடுவே வேறு ஒரு பேச்சும் கிடையாது, அந்த மிடறு மட்டும்தான்.

"அக்கா" என்றான் தம்பி. ஒற்றைச் சொல்தான். 

"நீ திறந்து காட்டினதுக்கு நான் கோபப்படல" என்றாள் அவனிடம்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

ஓட்டல்காரர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். நல்ல மனிதர், எரிச்சல்படவில்லை. "வண்டி வாசல்ல நிக்குது. பீப்பாய் நிரம்பிக் கிடக்கு. நானே வேணும்னு கேக்கறேன். நீங்க எதுவும் சொல்லவேண்டாம், ஒரு தலையாட்டல் போதும், ஏத்திக்கிட்டுப் போறேன். யாரு பீர்னு கேட்டா உங்க பேரைச் சொல்லுவேன். உங்க மேல இருக்கற மதிப்புலதான் சொல்றேன், என்ன?"

 தம்பி பீப்பாய் வரிசையின் பக்கத்தில் நின்றிருந்தான். முதல் பீப்பாயின் கைப்பிடியை, தூக்கச் சொன்னால் தூக்கிவிடத் தயாராக, பிடித்திருந்தான். அவன் மனைவி கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணில் கெஞ்சலும் இல்லை, தடையும் இல்லை. என்ன சொன்னாலும் சரி என்பதுபோல ஒரு பார்வை.

அவள் நடந்துபோய்த் தம்பியின் கையைக் கைப்பிடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"இல்ல சார்" என்றாள். "இது போகாது."